மூணு இஞ்ச் உயரம்

வெள்ளிக்கிழமை என்றால் பேரணாம்பட்டு கொஞ்சம் தாமதமாகத்தான் கண் விழிக்கும். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு விடுமுறை. டீக்கடையில்கூட அவசரம் இருக்காது. ஆனால் இந்த வெள்ளிக்கிழமை, இஷ்தியாக் அகமதுவின் வீட்டுப் பின்வாசலில் வெயில் ஏறுவதற்கு முன்பே இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

சுத்தியலைப் பிடித்திருந்தவள் அவருடைய ஒரே மகள் உமைமா.

துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிச் சுற்றி, சுடிதாருக்கு மேல் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, பிக்கப் வண்டியின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சக்கரங்கள் கழற்றப்பட்டு, வண்டி நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றது.

"மெதுவாம்மா, மெதுவா! துருப்புடிச்ச போல்ட்டு. அடிச்சா வராது, கோச்சுக்கும்" என்றார் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த செந்தில்குமார். லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுவது அவர் தொழில். இன்றைக்குத் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"கோச்சுக்கட்டும்ணா. எனக்கும்தான் கோபம்."

அந்தக் கோபம் எதனால் என்பது வாராவாரம் இந்த வீட்டுக்கு வந்துபோகிற உங்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வாசலில் கால் வைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வெளியே, மலையடியில் இஷ்தியாக்குக்கு ஒரு ஷெட் இருக்கிறது. ஜெயம்மாளும் இன்னும் சில பெண்களும் அங்கே தோல் கையுறை தைக்கிறார்கள். ஷெட்டுக்குப் போகிற ரோடு, இஷ்தியாக்கின் அண்ணன் வக்கார் அகமதுவின் தோல் ஷாப்புக்குள் புகுந்துதான் போகிறது. தம்பி தன்னிடம் மேனேஜராக இருந்தவரை அந்த கேட் திறந்தே கிடந்தது. தம்பி வெளியே வந்து தனியாகத் தொழில் தொடங்கியபோதும் அண்ணன் பொறுத்துக்கொண்டார். ஆனால் சென்னை ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று, பெரியவரைத் தாண்டி நேராக உமைமாவிடமே ஆர்டர் கொடுத்ததே, அன்று சாயங்காலம் கேட்டில் பூட்டு விழுந்தது.

கோர்ட்டுக்குப் போகலாம் என்றார்கள் பலரும். "கூடப் பொறந்தவர் மேல நான் கேஸ் போடமாட்டேன்" என்று இஷ்தியாக் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மிச்சம் இருந்தது கானாற்று வழி. மலையிலிருந்து இறங்கும் அந்தக் காட்டாற்றில் வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இருக்காது. பாறைதான் இருக்கும். நடந்து தாண்டலாம். போன வாரம் உமைமா அதில் பிக்கப்பை இறக்கினாள். நட்டாற்றில் டீசல் டேங்க் பாறை மேல் உட்கார்ந்துகொண்டது. சைலன்சர் பிய்ந்து தொங்கியது. டிராக்டர் வந்து இழுத்ததை ஊரே நின்று பார்த்தது.

அவள் அழவில்லை. மறுநாள் காலை செந்தில்குமாரின் கடை வாசலில் போய் நின்றாள்.

"வண்டியத் தூக்கணும்ணா. அந்தப் பாறைக்கு மேல போறா மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கோயம்புத்தூரில் ஜீப் வைத்துக்கொண்டு காடு மலை சுற்றுகிறவர்கள் வாங்குகிற லிஃப்ட் கிட் ஒன்றை வரவழைத்தார். பின் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே வைக்க மூன்று இஞ்ச் இரும்புக் கட்டைகள். எல்லாவற்றையும் சேர்த்துக் கவ்விப் பிடிக்க நீளமான யூ போல்ட்டுகள். கூடவே நீளமான ஷாக் அப்சார்பர்கள். உடம்பு உயர்ந்தால் பெரிய டயர் சுற்ற இடம் கிடைக்கும். பெரிய டயர் போட்டால் அச்சும் பாறைக்கு மேலே ஏறும். அதற்கான டயர்களை ஒடுகத்தூரில் ஒரு ஜீப்காரரிடம் பேசி வாங்கிக்கொண்டு வந்தார்.

முன்பக்கம் நேற்றே முடிந்துவிட்டது. இன்று பின்பக்கம். ஷெட்டில் நூலும் லைனிங் துணியும் இன்று சாயங்காலம் வரைக்கும்தான் வரும். திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் சரக்கைப் பார்க்க வருகிறார்கள். லீவு நாள் என்றும் பார்க்காமல் ஜெயம்மாள் மற்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே கானாற்றைத் தாண்டி நடந்து போயிருந்தாள்.

"அப்பா எழுந்துட்டாரா?" என்று கேட்டாள் உமைமா, டீ கொண்டுவந்த அம்மாவிடம்.

"எழுந்து, பேப்பரை விரிச்சு வச்சிக்கினு உக்காந்திருக்காரு" என்றாள் தில்ஷாத். "ஒரே பக்கத்தை ஒரு மணி நேரமா பாக்கறாரு."

"இன்னா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

உமைமா ஜன்னலைப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் அப்பாவின் நிழல் மட்டும் தெரிந்தது. இந்த வேலை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதில் பேசியிருக்கலாம்.

அடித்தும் திருகியும் வராத பழைய யூ போல்ட்டுகளைக் கடைசியில் கிரைண்டர் வைத்து அறுத்தார்கள். தீப்பொறி பறந்தது. போல்ட்டு அறுந்து விழுந்ததும், செந்தில்குமார் அச்சுக்கு அடியில் வைத்திருந்த ஜாக்கியை மெல்ல இறக்கினார். பட்டையும் அச்சும் மெதுவாக ஒன்றைவிட்டு ஒன்று விலகின. நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி.

"கட்டையைக் குடு."

உமைமா இரும்புக் கட்டையை இரண்டு கையாலும் தூக்கி இடைவெளியில் நுழைத்தாள். கனத்தது. பட்டையின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த குமிழ், கட்டையின் குழியில் சரியாகப் போய் உட்கார்ந்தபோது அவளுக்குள்ளேயே ஏதோ சரியாகப் பொருந்தினாற்போல் இருந்தது.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது.

ஹாரன் அடிக்காமல், கதவைப் பலமாகச் சாத்தாமல் இறங்கி வருகிறவர் அந்தத் தெருவில் ஒருவர்தான். பெரியப்பாவைப் பார்த்ததும் உமைமா எழுந்து நின்று துப்பட்டாவைச் சரிசெய்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், படே அப்பா."

"வ அலைக்கும் ஸலாம், மகளே." வக்கார் அகமது வெள்ளை ஜிப்பாவில், ஜும்ஆ தொழுகைக்குத் தயாராக வந்திருந்தார். கட்டையின் மேல் நின்ற வண்டியையும், தம்பி மகளின் கிரீஸ் படிந்த கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை; வருத்தம்தான் இருந்தது. அதுதான் உமைமாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாத்துக்கும்மா இத்தினி கஷ்டம்? வண்டியை உசரமா ஏத்தினா பாரம் வச்சதும் சாஞ்சிடும். நீ ஓட்டப்போற வண்டி. எனக்குத் தூக்கம் வருமா?"

"கேட்டைத் தொறந்தா எல்லாருக்கும் தூக்கம் வரும் படே அப்பா."

"தொறக்கத்தான் வந்திருக்கேன்."

அவர் பையிலிருந்து சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அதற்குள் இஷ்தியாக் பேப்பரைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்துவிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

"இஷ்தியாக், இந்தப் புள்ளைக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? அப்பா மவுத்தானப்ப நீ எட்டாவது. நான் படிப்பை வுட்டுட்டு ஷாப்புல தோல் ஊறப்போடற சுண்ணாம்புக் குழியில எறங்கினேன். நீ படிக்கணும்னு."

"தெரியும் பாய்ஜான்."

"நீ போனதிலேருந்து அந்த மேனேஜர் ரூமைப் பூட்டியே வச்சிருக்கேன். திங்கட்கிழமை வந்து ஒக்காரு. ஷெட்டு மெஷினெல்லாம் நம்ம ஷாப்புக்கே வந்துடட்டும். தனியா நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்... வாணாம்டா. பேஜாரா இருக்கு." அவர் குரல் கடைசியில் தளர்ந்தது. சாவியை நீட்டினார்.

உமைமா அப்பாவைப் பார்த்தாள். வாங்காதீர்கள் என்று சொல்ல வாய் திறந்தாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லாத நாக்கு ஒரு நொடி தயங்கியது. அந்த ஒரு நொடியில் இஷ்தியாக் கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"தொழுகைக்கு நேரமாச்சு. வா, கார்லயே போயிடலாம்" என்றார் வக்கார்.

இஷ்தியாக் தொப்பியை எடுத்துக்கொண்டு அண்ணனோடு நடந்தார். மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார் தெருமுனையில் திரும்பியது.

செந்தில்குமார் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "இப்ப இன்னாம்மா பண்றது? நிறுத்திடட்டுமா?"

உமைமாவின் கண்ணில் நீர் முட்டியது. புறங்கையால் துடைத்தாள், கன்னத்தில் கிரீஸ் பூசிக்கொண்டதுதான் மிச்சம்.

அவளுக்கு அப்பா மேல் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே வியப்பாக இருந்தது. அண்ணன் முன்னால் அவர் எப்படி நிற்பார் என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பையன் மாதிரி கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். ஆனால் ஜெயம்மாளிடம் போய் என்ன சொல்வது? 'எங்க வீட்டு ஆம்பளைங்க சமாதானமாயிட்டாங்க, நாளையிலேருந்து வேலைக்கு வராதீங்க' என்றா?

"வண்டியைப் பாதியில வுட முடியாதுண்ணா" என்றாள். "கட்டைமேல தொங்குது. முடிச்சிடலாம். அப்பா வர்ற வழியில வரட்டும்."

"நான் இன்னா பண்ணணும், சொல்லு" என்று ஒரு குரல் கேட்டது.

தில்ஷாத்தான். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கணவர் போன திசையைப் பார்க்காமல் நின்றிருந்தாள்.

"அம்மி, நீங்க போய் சமையலைப் பாருங்க."

"சமையல் ஓடிப்போயிடாது. ஜாக்கியை நான் புடிக்கட்டுமா?"

அம்மா ஜாக்கிக் கம்பியைப் பிடித்தாள். செந்தில்குமார் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு அழுத்தாக அழுத்தினாள். அச்சு மேலே ஏறி, கட்டையை ஏந்தி, பட்டையைத் தொட்டது. புது யூ போல்ட்டை மேலேயிருந்து மாட்டி, அடியில் தகட்டை வைத்து, நட்டைப் போட்டு முறுக்கினார் செந்தில்குமார்.

முறுக்கி முடித்தவர் நட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னாண்ணா?"

"இந்த வண்டிக்கு முன்னாடி வச்சிருந்தவன் பாரம் ஜாஸ்தி ஏத்தறதுக்காக ரெண்டு பட்டை கூடுதலாப் போட்டிருக்கான். நான் கணக்குல விட்டுட்டேன். இப்ப கட்டையும் சேர்ந்ததும் போல்ட்டு நீளம் கம்மியாயிடுச்சி. நட்டு பாதி மரையிலதான் புடிக்குது." பிறகு தலையைச் சொறிந்தார். "டவுனுக்குள்ள ஓட்டற வண்டின்னா, ஒரு வாரம் இப்படியே ஓட்டிட்டு அப்பால மாத்திக்கலாம். புடிச்சிக்கும்."

உமைமா யோசித்தாள். சாயங்காலத்துக்குள் நூல் போய்ச் சேர வேண்டும். ஒரே ஒரு தடவைதானே? ஒரு தடவை தாண்டிவிட்டால் போதும். அவள் தலையசைக்கப் போனபோது தில்ஷாத் கேட்டாள்.

"உமைமா, கட்டைவிரல் பக்கம் பாதித் தையல்தான் போட்டிருக்குன்னு ஒரு கையுறை வருது. நீ பாஸ் பண்ணுவியா?"

உமைமா அந்த நட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"போன வாரம் பண்டல் பண்டலாப் பிரிச்சுத் தைக்க வச்சியே. ஜெயம்மா விரல்லாம் வீங்கிப்போச்சு. பாறை மேல என் பொண்ணு ஓட்டப்போற வண்டி இது. கழட்டுங்க செந்தில்."

"குடியாத்தத்துல போல்ட்டு வளைச்சுத் தர்ற பட்டறை இருக்குக்கா. ஆனா நான் வண்டியை இப்படி வுட்டுட்டுப் போகக்கூடாது. நீங்க ரெண்டு பேரும் அடியில பூந்து ஏதாவது ஆயிட்டா..."

தில்ஷாத் உள்ளே போனாள். தையல் மேஜையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துவந்து கீழே உட்கார்ந்தாள். பட்டை, கட்டை, அச்சு, அடித்தகடு எல்லாம் சேர்ந்து எவ்வளவு உயரம், வளைவு எவ்வளவு அகலம், கம்பி எத்தனை தடிமன் என்று செந்தில்குமார் காட்டக் காட்ட அளந்தாள். பிறகு போனை எடுத்தாள்.

தொழுகை முடிந்திருக்கும் நேரம்.

"ஏங்க, நான்தான். ஒண்ணுமில்ல. யூ போல்ட்டு நீளம் பத்தல. குடியாத்தம் பட்டறையில நாலு வளைச்சு வாங்கணும். அளவு சொல்றேன், கேட்டுக்குங்க." சொன்னாள். மறுமுனையில் சத்தமே இல்லை. "கேக்குதா?" என்றாள். போன் வைக்கப்பட்டுவிட்டது.

"அவருக்கு ஏன் அம்மி சொன்னீங்க?" உமைமாவின் குரல் உடைந்தது. "படே அப்பா பக்கத்துலயே இருப்பாரு. சிரிப்பாங்க."

"நம்ம வூட்டு வண்டிக்கு ஒண்ணு வேணும்னா, நம்ம வூட்டு ஆளுக்குத்தான் சொல்லணும். அவரு இன்னா பண்றாரோ, அது அவர் பாடு."

மதியச் சோற்றை மூவரும் பின்வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதன் பிறகு ஷாக் அப்சார்பரை மாட்டினார்கள். பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று பார்த்து, நீளமான குழாயை மாற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினார்கள். உமைமா வண்டிக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து விட்டாள். பெடல் முதலில் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பிறகு மெல்ல மெல்ல இறுகியது. செய்யக்கூடிய எல்லாம் முடிந்துவிட்டது. போல்ட்டுதான் இல்லை.

தெருவில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

இறங்கியவர் இஷ்தியாக். வெள்ளை ஜிப்பாவின் முன்பக்கம் முழுக்கக் கறுப்புக் கறை. இரண்டு கைகளாலும் ஒரு கோணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். கீழே வைத்தபோது உள்ளே இரும்பு கலகலத்தது.

"வளைச்சு சூடு ஆறல" என்றார். "நாலும் இருக்கு. ஒரு இஞ்ச் ஜாஸ்தியாவே வைக்கச் சொன்னேன். ஜாஸ்தின்னா அறுத்துக்கலாம்ல செந்தில்?"

"அறுத்துக்கலாம் பாய்!"

உமைமா அசையாமல் நின்றாள். "படே அப்பா எங்கப்பா?"

இஷ்தியாக் சட்டென்று எதையும் சொல்லிப் பழகாதவர். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முகம் கழுவினார். அப்புறம்தான் வந்து மகள் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட் மேல் உட்கார்ந்தார்.

"பள்ளிவாசல்ல எல்லார்கிட்டயும் சொன்னாரு. 'என் தம்பி திரும்பி வந்துட்டான்'னு. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. கார்ல ஏறினதும் கேட்டேன், 'பாய்ஜான், ஜெயம்மாவும் மத்த பொம்பளைங்களும் திங்கட்கிழமை எந்த ஹால்ல ஒக்காரணும்'னு."

"இன்னா சொன்னாரு?"

"'அவங்க எதுக்கு? ஆளு என்கிட்டயே இருக்காங்க. எனக்கு நீ வந்தா போதும்டா'ன்னாரு." இஷ்தியாக் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "பாசமாத்தான் சொன்னாரு. அதான் தாங்கல. எனக்காக இந்த மனுஷன் யாரை வேணும்னாலும் கீழே எறக்கி வுட்டுடுவாரு. அவங்க வீட்டு அடுப்பு எரியுதான்னுகூட யோசிக்க மாட்டாரு. அப்பதான் உங்கம்மா போன் பண்ணினா."

"அப்புறம்?"

"சாவியை சீட்டு மேல வச்சேன். 'குடியாத்தம் வரைக்கும் ஒரு வேலை இருக்கு பாய்ஜான்'னு சொல்லிட்டு எறங்கிட்டேன். அவரு கண்ணாடியை ஏத்திக்கினாரு."

தில்ஷாத் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத வேலை ஒன்றைத் தேடி உள்ளே போனாள். உமைமா ஸ்பேனரை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

புது போல்ட்டுகள் கச்சிதமாக உட்கார்ந்தன. நட்டுக்கு வெளியே மரை தெரிகிற அளவுக்கு நீளம். ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று நான்கையும் மாற்றி மாற்றி முறுக்கினார்கள். கடைசிச் சுற்றுக்கு அப்பாவும் மகளும் சேர்ந்து நீளக் கம்பியில் தொங்கினார்கள். பெரிய டயர்களை மாட்டி, கட்டைகளை உருவி, வண்டியைத் தரையில் இறக்கினார் செந்தில்குமார்.

வண்டி நின்ற நிற்பே வேறாக இருந்தது. நேற்று வரை இடுப்பு ஒடிந்த மாதிரி கிடந்த பழைய பிக்கப், தோளை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

"ஏறவே ஏணி வேணும் போலக்குதே" என்றாள் தில்ஷாத், வெளியே வந்து பார்த்து.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கம்மா" என்றார் செந்தில்குமார். "பெரிய பாய் சொன்னதுல ஒரு விஷயம் நிஜம். உசரம் கூடினா சாயற பயமும் கூடும். பாரத்தைப் பரப்பிக் கீழயே வை. கதவு மட்டத்துக்கு மேல ஒரு மூட்டைகூட ஏத்தாதே. திருப்பத்துல வேகம் வாணாம்."

நூல் பெட்டிகளையும் லைனிங் துணி ரோல்களையும் பரப்பி வைத்து, கயிறு கட்டினார்கள். உமைமா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் அப்பா. பின்னால் செந்தில்குமார் தன் பைக்கில்.

கானாற்றங்கரையில் வண்டியை நிறுத்தினாள். வெயில் சாய்ந்துவிட்டது. எதிர்க்கரையில், புங்கமரங்களுக்கு அப்பால் ஷெட்டின் கூரை தெரிந்தது. நடுவே அதே பாறை. போன வாரம் உராய்ந்த பெயின்ட் இன்னும் அதன் முதுகில் நீலமாக ஒட்டியிருந்தது.

இஷ்தியாக் கதவைத் திறந்து இறங்கினார்.

"எங்கப்பா போறீங்க?"

"முன்னால நடக்கறேன். நான் காட்டற இடத்துல சக்கரத்தை வை. என்னைப் பாரு, பாறையைப் பாக்காதே."

அவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினார். திரும்பி நின்று, இரண்டு கைகளையும் உயர்த்திக் கூப்பிட்டார். உமைமா முதல் கியரில் போட்டு, காலை மெல்ல எடுத்தாள்.

"லெஃப்ட்டு... இன்னும் லெஃப்ட்டு... போதும். வா, வா, வா..."

வண்டி மூக்கைக் குத்தி இறங்கியது. கூழாங்கற்கள் டயருக்கு அடியில் நெறிந்தன. முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறியதும் வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. உமைமா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். பின்னால் துணி ரோல் ஒன்று உருண்டு பக்கவாட்டில் இடித்தது. பிரேக்கை மிதிக்கச் சொல்லி உடம்பு முழுக்கக் கெஞ்சியது.

"நிறுத்தாதே!" அப்பாவின் குரல் இவ்வளவு சத்தமாக அவள் கேட்டதே இல்லை. "நிறுத்தினா அங்கயே நின்னுடும்! வா!"

மிதிக்கவில்லை. சக்கரம் கல்லைத் தாண்டி இறங்கியது, வண்டி நிமிர்ந்தது. இப்போது பாறை நேராக அடியில். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். தகரம் கிழிகிற சத்தம். டேங்க் நசுங்குகிற சத்தம்.

ஒன்றும் வரவில்லை.

இஷ்தியாக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். அவ்வளவு இடைவெளி. அவர் முகத்தைப் பார்த்து உமைமா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எதிர்க்கரையின் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். பெரிய டயர்கள் மண்ணைக் கவ்வி, வண்டி ஒரே மூச்சில் மேலே வந்து நின்றது.

ஷெட் வாசலில் பெண்கள் எல்லாரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். கைதட்டுவார்கள் என்று நினைத்தாள். ஜெயம்மாள் மட்டும் எழுந்து வந்தாள். அவள் மடியில் நூல் பிசிறு வெட்டும் கத்திரிக்கோல் இருந்தது.

"வந்துட்டியா பாப்பா! எனக்குத் தெரியும், நீ வந்துடுவேன்னு" என்றவள், உடனே குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மெஷின் எதுவும் ஓடல. மத்தியானம் போன கரண்ட்டு இன்னும் வரல. வெளிச்சம் இருக்கறவரைக்கும் பிசிறாவது வெட்டலாம்னு வெளியில ஒக்காந்திருக்கோம்."

"ஊர்ல கரண்ட்டு இருந்துதே?"

ஜெயம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினாள். வக்கார் அகமதுவின் தோல் ஷாப்பில், விடுமுறை நாளிலும், வாசல் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. ஷெட்டுக்கு வருகிற லைன் அந்த வளாகத்துக் கம்பத்திலிருந்துதான் வருகிறது. மத்தியானம்தான் அப்பா சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். உமைமாவுக்கு விளங்கிவிட்டது.

மதிலோரம் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளை ஜிப்பா. இந்தப் பக்கத்தையே, இந்த உயரமான வண்டியையே பார்த்துக்கொண்டு.

இஷ்தியாக்கும் பார்த்துவிட்டார்.

அவர் கை இப்போது பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும் என்று உமைமா நினைத்தாள். போகவில்லை. மண் படிந்த காலோடு இரண்டடி முன்னால் போய், எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், பாய்ஜான்!"

பதில் வரவில்லை. ஆனால் அந்த உருவம் அங்கிருந்து நகரவும் இல்லை.

இஷ்தியாக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு திரும்பி வந்து பிக்கப்பின் பின்கதவை இறக்கினார். நூல் பெட்டிகளைத் தானே எடுத்து ஜெயம்மாளிடம் கொடுத்தார். காலியான தளத்தை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, பைக்கை ஓரம் கட்டிக்கொண்டிருந்த செந்தில்குமாரைக் கூப்பிட்டார்.

"ஒரு ஜெனரேட்டரை ஏத்தினா, இந்தப் பட்டை தாங்குமா?"